இரண்டு இரும்புக்கு நடுவில்

காரைக்குடி
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அருள் பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. மாதா அருளால் நானும் உன் மனைவி மேரியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம், நீயும் விசாகப்பட்டினத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய், இந்த வீட்டில் நான் போனை எடுத்தாலே யாரு அத்தை என்று அவள் வந்து நின்றுவிடுகிறாள், அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். ஏழாம் மாதம் நல்லபடியாகப் போகிறது, கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா, இவளானால் மீன்கடைவரை நடந்துவிட்டு ஆட்டோவில் திரும்பி வருகிறாள்.

வருகிற புதன்கிழமை நடுக்கடலில் போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீருக்கடியில் வெடி வைக்கப்போகிறார்கள், நீ மாட்டிய மெஷின் பெட்டிகள் தாங்குகின்றனவா என்று பார்க்க நீயும் உள்ளேயே இருக்கப்போகிறாய், மேரிகிட்ட மூச்சு விட்டுறாதம்மா, ட்ரெயினிங்குன்னு சொல்லிருக்கேன் என்றாய் அல்லவா. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்றுக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவளே சொல்கிறாள், அத்தை, அவுக வெடி வைக்கிற கப்பல்ல ஏறப்போறாக, கூட வேலை பாக்குறவர் வீட்டம்மா சொல்லிட்டாக, எனக்குத் தெரியும்னு அவுககிட்ட சொல்லிறாதீக, பயந்துக்கிட்டே ஏறுவாக என்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம், பிறகு சாப்பிட்டோம்.

உன் வேலை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. வெடி தூரத்துலதான் அத்தை, கப்பல் உடையாது, அந்த அதிர்ச்சிதான் இரும்பு வழியா ஏறி உள்ள இருக்கிற மெஷினை எல்லாம் நொறுக்கும், அதுக்குத்தான் பெட்டிக்கு அடியில ரப்பர் வச்சு, சுத்தி ஆடுறதுக்கு இடம் விட்டு, வயரைக்கூடத் தொய்வா விடுவாக என்று எனக்குப் பாடம் எடுத்தாள். கடைசியில், பெட்டிக்கெல்லாம் ரப்பர், அவுகளை மட்டும் முட்டிய மடக்கி நிக்கச் சொல்லிருக்காகளாம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அதற்கு நீதான் சமாதானம் சொல்ல வேண்டும்.

நீ அவளிடம் சொல்லாதே என்கிறாய், அவள் உன்னிடம் சொல்லாதே என்கிறாள், நடுவில் நான் என்ன ரப்பரா? அதுவும் ஓரளவுக்குத்தான் தாங்கும், அடிவரை அமுங்கிவிட்டால் இரும்போடு இரும்பு நேராக மோதிவிடும் என்று போன லீவில் நீதானே சொன்னாய். எனக்கு அந்த நிலைமை வந்துவிட்டதப்பா. அதனால் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறி எழுதிவிட்டேன். கப்பல் ஏறுமுன் அவளிடம் உண்மையைப் பேசு. ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துப் பயப்படுவதைவிட இரண்டு பேரும் சேர்ந்தே பயப்படுங்கள், அது பாதிப் பயம்தான்.

எனக்குக் கவலை இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் கரையில் வைத்துச் சோதித்தபோது உன் பெட்டி ஒன்றுகூடப் பிசகவில்லையே, கடலிலும் பிசகாது. ஆபீசர் நிற்கச் சொன்ன மாதிரியே நில், வேடிக்கை பார்க்கிறேன் என்று எதன் மேலும் சாயாதே, வெறும் வயிற்றோடு போகாதே. மாதா உன் கூடவே கப்பல் ஏறட்டும், நீயும் உன்னோடு இருக்கும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் கரை சேர வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. நல்லது கெட்டது எதுவானாலும் முதல் போன் எனக்குத்தான் போடுவாய். புதன்கிழமை மட்டும் அவளுக்குப் போடு. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், உன் குரல் எனக்கும் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வியாகுலம்மாள்