பவுடர் பூசாத ஒன்பது முகம்

வியாசர்பாடி
14.3.2004

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி மாயாவும் சுகம். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

உன் கடிதம் வந்தது. மாயாவை ஜூனில் மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் அவள் வாழ்க்கையே வீணாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயம்தான், ஆனால் நடந்ததைக் கேள். ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேஷம் கேட்டதற்கு டீச்சர், இந்தக் கறுப்புக்கும் இந்தப் பேச்சுக்கும் ராணியா என்று சொல்ல வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து பிள்ளை பள்ளி வாசலைப் பார்த்தாலே வாந்தி எடுத்தாள். நம் பிளாக்கிலேயே இப்படி மனம் நொந்து நின்றுவிட்ட பிள்ளைகள் அவளோடு ஒன்பது பேர். புத்த விஹார் மாடியைக் கேட்டு வாங்கி நாங்களே பாடம் ஆரம்பித்துவிட்டோம். எம்.ஏ. முடித்து வேலை தேடும் பக்கத்து வீட்டு அன்பரசன் இங்கிலீஷும் தமிழும் எடுக்கிறான், மீன் விற்கும் கெங்கம்மா மதியம் தராசை வைத்துக் கணக்கு, எனக்கு ஷிப்ட் இல்லாத நாளில் ஹார்பர் கிரேன் எப்படித் தூக்குகிறது என்று நான். எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதலாம் என்று விசாரித்தாயிற்று. பிள்ளைகள் வீட்டில் பேசுகிற மாதிரியே அங்கேயும் பேசுகிறார்கள், புத்தகமும் படிக்கிறார்கள், ஒருத்தரும் சிரிப்பதில்லை. மாயா இப்போது வாயை மூடுவதே இல்லை, அம்மாவுக்கு நல்ல போட்டி.

உனக்கு அனுப்பத்தான் போன ஞாயிறு போட்டோ எடுக்க ஏற்பாடு செய்தேன். அங்கேதான் உன் அப்பன் புத்தியைக் காட்டினேன். ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தி, கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நாம் பூசுவோமே, அப்படிப் பவுடரை அப்பிவிட்டேன். மாயா முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னா நைனா, டீச்சரு சொன்னத்தயே நீயும் சொல்ற என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எல்லாரும் முகம் கழுவி வந்த பிறகுதான் எடுத்தோம், போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும் கண்ணு. நீ ஆறாவது படிக்கும்போது அதே பள்ளியிலிருந்து ஒருநாள் அழுதுகொண்டு வந்தாய். நான் காரணம் கேட்கவில்லை. ஒரு பவுடர் டப்பா வாங்கிக் கொடுத்து, வகுப்பில் வாயைத் திறக்காதே என்று திருப்பி அனுப்பினேன். நீ படித்து நர்ஸ் ஆனதும் நான் செய்தது சரி என்றே இருந்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள். மாயாவை அங்கே அனுப்ப மாட்டேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. நீ அழுதுகொண்டு வந்த அன்றைக்குப் பள்ளியில் உன்னை என்ன சொன்னார்கள் என்று சொல். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன்.

உன் அப்பா,
சு. நீலமேகம்