பெரியவள் மோந்து பார்த்த சட்டை

மச்சாள்,

இன்று காலை அலுமாரியை ஒதுக்கிய மகள், அடித்தட்டிலிருந்து நீங்கள் பால் கறக்கப் போடுகிற பழைய ஆம்பிளைச் சட்டையை இழுத்தெடுத்தாள். "அம்மா, இது ஒரே சேத்து மணம். தோய்க்கப் போடட்டோ?" என்று கேட்டாள். பதறிப்போய்ப் பறித்துவிட்டேன்.

அந்த மணத்தோடு ஈச்சிலம்பற்றுக் குளக்கரையே வந்து நின்றது. உங்கள் தம்பியைக் கலியாணம் முடித்து வந்த புதிதில் எனக்கு எருமை என்றால் இளக்காரம், நாள் முழுக்கச் சேற்றில் கிடக்கிற சோம்பேறி என்று. நீங்கள் சண்டைக்கே வருவீர்கள். "அதுக்கு எங்களைப் போல வேர்க்காது மச்சாள். சேறு பூசினாத்தான் சூடும் தணியும், ஈ இலையானும் கடிக்காது." தம்பியைக் குறை சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்கிற நீங்கள், எருமையைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

ஷெல் விழுந்த அன்று நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். எருமைகள் ஓடவில்லை. எப்போதும் முன்னால் நடக்கிற மூத்த எருமை, நீங்கள் 'பெரியவள்' என்று கூப்பிடுகிறவள், நின்றாள். மற்றவையும் கன்றுகளை நடுவில் விட்டு, கொம்புகளை வெளியே நீட்டி வட்டமாக நின்றன. பதுங்குகுழிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "பாத்தியளோ, எங்களை விட எவ்வளவு திறம்!" என்றீர்கள். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு நீங்கள் காய்ச்சலோடு மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். மறுநாள் பாதை பூட்டுப்பட்டது. பயத்தில் எனக்குப் பால் வற்றிவிட்டது, கடையில் பால்மா இல்லை. எட்டு மாதப் பிள்ளைக்கு அழுது அழுது குரல் அடைத்துப் போனது. அப்போது கறவையில் இருந்தவள் பெரியவள் மட்டும்தான், அவளோ உங்களைத் தவிர யாருக்கும் பால் விடமாட்டாள். "எருமை ஆளைக் கண்ணால இல்லை, மூக்காலதான் பாக்கும். என்ர சட்டையைப் போட்டால் உங்களுக்கும் விடுவாள்" என்று நீங்கள் எப்போதோ சொன்னது நினைவு வந்தது.

நான் செய்த வேலையைக் கேளுங்கள். பிள்ளைக்குக் கறக்கிற பால் சுத்தமாக இருக்கட்டும் என்று, உங்கள் சட்டையைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, காயவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பெரியவள் விட்ட உதையில் வாளி வாய்க்காலில் கிடந்தது.

குசினிக் கொடியில் நீங்கள் கழற்றிப் போட்ட மற்றச் சட்டை கிடந்தது, சேறும் சாணியும் வெற்றிலைக் கறையுமாக. அதை அப்படியே மாட்டிக்கொண்டு திரும்பப் போனேன். பெரியவள் என் கையிலிருந்து தோள்வரை நெடுநேரம் மோந்தாள். பிறகு அசையாமல் நின்று பாலை விட்டாள். அவள் வயிற்றில் தலையைச் சாய்த்து அழுதழுது கறந்தேன்.

நீங்கள் திரும்பி வந்து கதையைக் கேட்டு, "சவர்க்காரம் போட்டனீங்களோ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

போன மாதம் உங்கள் செத்தவீடு முடிந்ததும், உங்கள் உடுப்பையெல்லாம் தோய்த்துக் கொடுத்துவிட்டோம். அந்த மற்றச் சட்டையை மட்டும் யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்தேன்.

இன்று மகளைப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த எட்டு மாதப் பிள்ளை அவள்தானே. சட்டையை வாங்கி, கையிலிருந்து தோள்வரை நெடுநேரம் மோந்தாள். பிறகு மடித்து, தோய்க்காமலே அடித்தட்டில் வைத்தாள்.