தளபதியின் பெட்டிக்குள் என் மாமனாரின் கைத்தடி

அனுப்புநர்:
குடை, கைத்தடி வியாபாரி,
கடைத்தெரு முனை.

பெறுநர்:
உயர்திரு காப்பாளர் அவர்கள்,
தளபதி நினைவு இல்லம்.

பொருள்: தவறுதலாகத் தளபதிக்குச் சொந்தமாகிவிட்ட கைத்தடியைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு நாள் தங்க வந்த மாமனாரைச் சென்ற ஞாயிறன்று தளபதியின் வீட்டைக் காட்ட அழைத்து வந்தேன். படுக்கையறையில் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் திறந்து வைத்திருந்தார்கள். மாமனார் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கைத்தடியை அதன்மேல் சாய்த்தார். பிறகு என் தோளைப் பிடித்தபடி சமையலறைக்கு நடந்துவிட்டார். பிடிக்கத் தோள் கிடைத்தவருக்குத் தடி ஞாபகம் வருமா?

2. திரும்பி வந்தால் தடி பெட்டிக்குள், பூட்டும் தொங்குகிறது. "தளபதி ஊன்றிய கைத்தடி" என்ற அட்டை அங்கே முன்பே இருந்தது. தடிதான் நெடுநாளாகக் காணோமாம். தங்கள் காவலாளிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "உள்ள போயிட்டா அது தளபதியோடதுங்க. மேலிடத்து உத்தரவு இல்லாம திறக்க முடியாது" என்றார்.

3. அது என் கடைச் சரக்கு. அடியிலுள்ள ரப்பர் பூண் நான் மாட்டியது. அதே அச்சில் வார்த்த பூண் ஒன்றை இணைத்துள்ளேன், ஒப்பிட்டுப் பார்க்கவும். தளபதி என் கடைக்கு வந்ததில்லை.

4. வேறு தடி கொடுத்தேன், மாமனார் தொடவில்லை. "என் தடி வராம நான் ஊருக்குப் போகமாட்டேன் மாப்பிள்ளை" என்று கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குடை வாங்க வருபவர்களிடம், "இது ஒரு மழைக்குத் தாங்காதும்மா" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். மழைக்காலம் வேறு வருகிறது.

5. நேற்று நிலைமை முற்றியது. தடியைப் பார்க்க மறுபடி வந்தோம். அதை ஊன்றித் தளபதி ஆற்றைக் கடந்த கதையை வழிகாட்டி சொல்ல, கூட்டம் வாய்பிளந்து கேட்டது. மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அது அங்கயே இருக்கட்டும் மாப்பிள்ளை. நான் உங்க வீட்டுலயே இருந்து தினமும் வந்து பாத்துக்கறேன்" என்கிறார். என் மனைவிக்கு ஆனந்தக் கண்ணீர். எனக்கும் கண்ணீர்தான்.

ஆகவே, தடியை உடனே விடுவிக்குமாறு வேண்டுகிறேன். அட்டைக்குப் பொருள் வேண்டுமென்றால் பூண் இல்லாத பழைய தடி ஒன்று தருகிறேன். "தளபதியுடையது போன்றது" என்று நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆளனுப்பினால் நானே வந்து வாங்கிக்கொள்வேன்.

இடம்: கடைக்கு வெளியே (உள்ளே மாமனார் இருக்கிறார்)
நாள்: வியாழன்

இப்படிக்கு,
தங்கள் கையெழுத்தை நம்பியிருக்கும்
குடைக்கடைக்காரன்