இன்றைக்கு எந்த மிஷின்?

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்துவிட்டுப் போன என் பிரியமுள்ள பங்காளி சவரிமுத்துவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நல்லூர் லைன் வீட்டில் உன் பக்கத்துக்கு ஒரிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் சிரிப்பதும் சுவர் வழியாகக் கேட்கிறது. ஆனால் அதைக் கேட்டு எனக்கு வயிறு எரிவதில்லை. நீயும் என் மனைவி சரசுவும் சிரித்தபோது எரிந்தது. இதை எப்படி மரியாதையாக எழுதுவது என்று இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு, எரிந்தது என்றே விட்டுவிட்டேன்.

கட்டிய மனைவி சிரித்தால் உனக்கென்ன பொறாமை என்று யாரும் என்னைக் கேட்கலாம். உன்னைச் சந்தேகப்பட்டதில்லை, பங்காளி. அவளுக்கு நீ அண்ணன், உனக்கு அவள் தங்கச்சி. ஒரே பனியன் கம்பெனியில் அவள் ஓரத்தைக் கத்தியால் வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மிஷினிலும் நீ பக்கத்தில் படிய மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷினிலும் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தீர்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த புத்தியில் ஒருநாள் கணக்குப் போட்டேன். விழித்திருக்கும் நேரத்தில் அவள் என் பக்கத்தில் இருந்ததைவிட உன் பக்கத்தில் இருந்ததுதான் அதிகம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். கணக்கு மட்டும் மறக்கவில்லை.

அவளுக்கு வலி வந்தபோது, என்னால் முடிந்தது ஒரு நோட்டு. தேதி, நேரம், வலி அதிகமா குறைவா, கொடுத்த மாத்திரை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தினமும் கேட்பேன், "இன்னைக்கு வலி எப்படி?" அவள் "இருக்குதுங்க" என்பாள். 'அதிகம்' என்று எழுதிக்கொள்வேன்.

நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாய், "என்ன தங்கச்சி, இன்னைக்கு எந்த மிஷின்?"

உடனே அவளுக்கு வாய் திறந்துகொள்ளும். "காலையில பேட்லாக்குங்ண்ணா. இப்ப ஓவர்லாக் ஓடுது, கத்தியோட."

"அடப்பாவி, கத்தியோடயா? நூலு அந்துருச்சா இல்லையா?"

"அறுந்தாத்தான் பரவால்லீங்களே!"

அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். வலிக்கிறது என்று சொல்லிச் சிரிக்கிற ஒருத்தியை நான் என் நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். உனக்கு அது தெரிந்திருக்கும்.

அவளுடைய கழுத்து ஆபரேஷன் செலவைத் தர முடியாது என்று இன்சூரன்ஸிலிருந்து கடிதம் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்று காரணம் போட்டிருந்தார்கள். எப்படித் தெரிந்தது அவர்களுக்கு? நான்தான் கொடுத்தேன். அதிகமான ஆதாரம் அதிகமான நன்மை என்று நினைத்து, நோட்டின் பக்கங்களை முதல் பக்கத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பத்தோடு வைத்துத் தைத்தேன். முதல் பக்கங்கள் பாலிசிக்கு மூன்று வருடம் முந்தியவை.

நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "ஏப்பா பங்காளி, நீ எழுதுனது சரி. அத எதுக்குய்யா கொண்டுபோய் அவிங்க கையில குடுத்த?"

நீயே முடிவு செய்தாய். "தங்கச்சிகிட்ட நான் சேத்து வச்சுக் குடுத்ததாச் சொல்லிர்றேன். என்னய வைஞ்சா நான் டீ குடிக்கப் போயிருவேன். உன்னய வைஞ்சா நீ ரெண்டு நாளைக்குச் சோறு திங்க மாட்ட."

நீ சொன்னாய். அவள் உன்னை வைதாள். அரைமணி நேரம் வைதுவிட்டு உனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வர வேண்டிய வசவு அது. அதைக்கூட நீ வாங்கிக்கொண்டாயே என்று அன்றைக்கு எனக்கு நன்றி வரவில்லை. அந்தக் காப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவளோடு கிளை அலுவலகத்துக்கு ஏறி இறங்கியதும் நீதான். கவுண்டருக்கு முன்னால் போனால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனு எழுதுவேன். பேசுவது நீ. மேல்முறையீடும் என் கையெழுத்து, உன் குரல். பதில் வருவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

உனக்காக அவள் அழுத அழுகையைச் சொன்னால் நம்புவாயா? என் அம்மா செத்ததற்கு அவள் அப்படி அழவில்லை.

இப்போதுதான் செய்தி. போன வாரம் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வரும் வியாழக்கிழமை கோயம்புத்தூரில் விசாரணை, இருவரும் நேரில் வர வேண்டும். அந்த மேஜையில் ஜெராக்ஸ் பக்கங்களை விரித்து வைப்பார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் அவள் மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். நோட்டைச் சேர்த்துக் கொடுத்தது நான்தான், சவரிமுத்து இல்லை என்று.

அவள் நிமிரக்கூட இல்லை. "எனக்கு அப்பவே தெரியுமுங்க."

"எப்படி?"

"ஏனுங்க, வலிக்குக்கூட ஸ்கேல் வெச்சுக் கோடு போடற ஆளு இந்த ஊர்ல வேற ஆரு இருக்கறாங்க? அண்ணனுக்கு அவரு கையெழுத்தே நேரா வராது."

"அப்புறம் எதுக்கு அவனைத் திட்டின?"

"உங்களத்தானுங்க வஞ்சேன். அவரு வாங்கிக்கிட்டாரு. நீங்க சுவரோரமா நின்னு கேட்டுட்டுத்தான இருந்தீங்க?"

பங்காளி, அந்த அரைமணி நேரமும் எனக்கு வந்ததுதானாம்! காப்பி மட்டும்தான் உனக்கு.

துணிச்சல் வந்து நானும் கேட்டேன், "சரசு, இன்னைக்கு எந்த மிஷின்?"

அவள் கை நின்றது. "அது அண்ணன் கேக்கறதுங்க. நீங்க உங்களாட்டக் கேளுங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. செத்தும் நீ விட்டுக்கொடுக்கவில்லையே என்று இருந்தது. என்னைப்போல என்றால் எப்படி? உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். பழைய பக்கத்தைத் திறந்து, "இங்க வலின்னு எழுதியிருக்கேன், இது என்ன வலி?" என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தாள். "இது சும்மா அசதிங்க. ரெண்டு தோளும் பரவலா இருக்கும். ஞாயித்துக்கிழமை படுத்து எந்திரிச்சாப் போயிரும். பேட்லாக்கு."

ஆபரேஷனுக்கு முந்தைய பக்கத்தைத் திறந்தேன். "இது?"

"இது வேறங்க! கழுத்துல ஆரம்பிச்சு சுண்டுவிரல் வரைக்கும் ஓரத்த வெட்டிக்கிட்டே வர்றது. இது பாலிசி போட்டதுக்கு அப்பறம், அந்த ஐப்பசியிலதான் மொதல்ல வந்துது. அண்ணங்கிட்ட அன்னைக்கே சொன்னனே, புது மிஷின் வந்திருக்குதுன்னு."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீ அன்றைக்கே தெரிந்துகொண்டதை நான் ஐந்து வருடம் ஒரே சொல்லில் எழுதியிருக்கிறேன். அசதிக்கும் வலி, அறுப்புக்கும் வலி. இன்சூரன்ஸ்காரன் என்ன செய்வான்? கவுண்டரில் நீ என்ன சொல்லியிருந்தாலும் அவன் கையில் இருந்தது என் சொல். பழைய நோய் என்று படித்துவிட்டான்.

இரண்டு நாளாக உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் கேட்டேன். அவள் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள தேதிகளோடு ஒத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கழுத்து வலியோடு அவள் இவ்வளவு நேரம் என்னோடு பேசியதில்லை. நடுவில் எதற்கோ சிரித்து, "அண்ணன் இருந்திருந்தா..." என்றாள். எனக்குப் பழையபடி சுருக்கென்றது. அதையும் எழுதிக்கொண்டேன்.

பங்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்வார்களே, ரத்த உறவு இல்லாமலே எனக்கு அது உன்னிடம் வந்தது. நீ இல்லாமலும் அது இறங்கவில்லை.

வியாழக்கிழமை நான் பேசுவேன். நோட்டை எழுதியது நான், தவறாக எழுதியதும் நான், அவள் சொன்னது இது என்று என் வாயால் சொல்வேன். கொடுப்பார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. நாக்கு ஒட்டிக்கொண்டால் உன்னை நினைத்துக்கொள்ள மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். இந்த ஒன்றில் மட்டும் உனக்குப் பங்கு கிடையாது.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் பங்காளி
ரங்கசாமி