இரண்டாவது கணக்கு

என் மச்சாள் சாந்தினிக்கு,

உன் உறையைத் திறந்துவிட்டேன். கோபிக்காதே.

நம் சட்டம் நினைவிருக்கிறதா? கனத்த மீசான் என்ற நுண்துகள் ஒன்று சிதையும்போது அதற்குள் இருக்கும் கனத்த குவார்க் வேறொன்றாக மாறுகிறது. கூட இருக்கும் இலேசான குவார்க் அந்தப் புதிய நிலைக்கு எவ்வளவு பொருந்திப்போகும்? அந்த ஓர் எண்ணை நீ ஒரு மாதிரியுருவிலும் நான் இன்னொன்றிலும் கணிக்க வேண்டும். இருவரும் முடித்து, உறையிலிட்டு ஒட்டி, ஒரே மேசையில் இருந்து திறக்க வேண்டும். மற்றவளின் விடையை முன்பே பார்த்தால் கை அந்தப் பக்கமே சாயும் என்பாய்.

ஊருக்குப் போக வாகரை பஸ்ஸில் நீ ஏறும்போது நான் சொன்னேன்: "நான் முடிச்சிட்டன் கா. நீதான் ஆமை." பொய். பாதிகூடத் தாண்டவில்லை. உன்னைச் சீண்டத்தான் சொன்னேன்.

உறைகளைத் திறக்க நாம் குறித்த சனிக்கிழமை உன் அப்பா, என் மாமா, தனியாக நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கருவாட்டுப் பொதியோடு, சோற்றுப் பருக்கையால் ஒட்டிய உன் உறையையும் தந்தார். "அவளுக்குத் தலையிடியாம் புள்ள. திங்கக்கிழமை வாறாளாம்." மறுநாள் காலை கடல் வாகரைக்குள் ஏறி வந்தது. உன் உடலைக்கூட மாமாவால் கண்டெடுக்க முடியவில்லை.

பிறகு சண்டை வாகரைக்கு வந்தது. மாமா காட்டுவழியே நடந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். போர் முடிந்துவிட்டதென்று ஒரு நாள் வீதியில் வெடி கொளுத்தினார்கள். ஷெல் என்று நினைத்து அவர் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் கேட்டது இதுதான்: "அவள்ற கணக்கு சரிதானா புள்ள? இன்னும் பாக்கல்லையா?"

அதன்பிறகுதான் என் பொய்யை உண்மையாக்க உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நேரம் போக மிச்சமெல்லாம் அதற்கே போனது. போன கிழமை முடித்தேன். மாமாவை உன் கதிரையில் இருத்தி, உறையைக் கிழித்தேன்.

விடை இல்லை. மூன்று தாள்கள், நடுவில் நின்றுபோன ஒரு தொகையீடு, அடியில் உன் கையெழுத்து.

"இன்னும் முடிக்கல்ல கா. நீ முடிச்சிட்டன் எண்டதும் வெக்கமாப் போச்சு. தலையிடியும் பொய். நான் இல்லாம நீ திறக்க மாட்டாய் எண்டு தெரியும். ஞாயிறு முழுக்க இருந்து முடிச்சு, திங்கள் வந்து தாளை மாத்தி வைப்பன்."

என் ஒரு சொல்தானே உன்னை அங்கே இருத்தியது? இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. "என்ன எழுதியிருக்காள்?" என்று கேட்டார். "சரியாத்தான் இருக்கு மாமா" என்றேன். இன்னொரு பொய். "அவள் கெட்டிக்காரி" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன்.

என் எண்ணைச் சரிபார்க்க இனி யாருமில்லை. அதனால் உன் கணக்கையும் நானே செய்கிறேன், உன் மாதிரியுருவில், நீ நிறுத்திய வரியிலிருந்து. என் விடைப்பக்கம் கை சாயப் பார்க்கும். சாய விடமாட்டேன். எண்கள் ஒத்தாலும் ஒக்காவிட்டாலும், அன்றைக்கு மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்வேன், பஸ்ஸடியில் சொன்னது முதல்.

அதற்குப் பிறகு உன்னிடம் முடித்துவிட்டேன் என்று சொல்வேன். இந்தமுறை அது பொய்யாக இருக்காது.

உன் மாமி மகள்,
தேவகி