கலப்பு என்று எழுதச் சொன்னேன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அங்கே குளிர் கூடிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். கம்பளி போதுமா என்று கவலையாக இருக்கிறது. இங்கே விடாத மழை. சமையலறை மூலையில் ஒழுகுகிறது. ஆளிடம் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்கிறான், வரவில்லை.

மருமகள் போனில் உன்னிடம் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது என் அறை வரை கேட்கிறது. எதுவும் நன்றாக இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். சொல்வது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

சந்தையை இடித்துத் தேசிய உணவுக்கூடம் கட்டினார்கள் அல்லவா? இந்த நாட்டு உணவு செய்கிறவர்களுக்கு மட்டுமே உள்ளே கடை என்றார்கள். எது இந்த நாட்டு உணவு என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்தார்கள். மொழி ஆசிரியனாக இருந்தவன் என்று என்னையும் அதில் சேர்த்தார்கள். மருமகளின் மடிப்புக் கடைக்காகப் பேசலாமே என்றுதான் போனேன்.

அவளுடைய மடிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. மாவை மெல்லிசாகத் தேய்த்து, மடித்து, ஆவியில் வேகவைப்பது அவள் தாத்தா கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த முறை. உள்ளே வைக்கும் பருப்பும் காரமும் இந்த ஊருடையவை. மிளகாயும் ஒரு காலத்தில் கப்பலில் வந்ததுதானே என்றேன். "அது வந்து ரொம்ப காலமாச்சு சார்" என்றார் தலைவர். எவ்வளவு காலம் ஆனால் போதும் என்று கேட்டேன். "நல்லாத்தான் கேக்குறீங்க. டீ ஆறுது, குடிங்க" என்றார். டீயோடு தட்டில் வைத்திருந்தது மடிப்புதான். அவர் மூன்று எடுத்துக்கொண்டார். நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, "வாய்க்கு ருசியா இருந்தா நம்மளோடதுன்னு ஆயிடுமா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு வழி சொன்னேன். கலப்பு உணவு என்று ஒரு பிரிவு வைத்து, அவளுக்கும் உள்ளே இடம் கொடுங்கள் என்றேன். கலப்புத் திருமணம் என்கிறோமே, நீயும் அவளும் செய்துகொண்டதும் அதுதானே, அது போல மரியாதையான சொல் என்று நினைத்தேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

திறப்பு விழாவன்று போய்ப் பார்த்தால், அவள் கடைக்கு மேலே பெரிய எழுத்தில் "கலப்பட உணவு" என்று இருந்தது.

ஓரிரு எழுத்து மாறினால் என்னவெல்லாம் ஆகும் என்று பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அலுவலகத்தில் முறையிட்டேன். "சின்ன எழுத்துப் பிழைதானே. அடுத்த தடவ பெயிண்ட் அடிக்கிறப்ப பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். மனு மேல் மனு கொடுத்தேன். அதற்குள் அவளிடம் தினமும் வாங்கிச் சாப்பிட்டவர்களே, "இன்னிக்கு என்னம்மா கலந்திருக்க?" என்று கிண்டல் செய்யத் தொடங்கினார்கள். பிறகு கிண்டல் செய்யவும் யாரும் வரவில்லை.

எப்படியாவது போர்டை மாற்றிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "எழுத்த மாத்தி என்ன மாமா ஆகப்போகுது? பக்கத்துக் கடை போர்டுல வெறும் உணவுன்னுதானே எழுதியிருக்கு" என்றாள். உணவு என்ற அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்கலாம் என்று அன்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யோசித்தால் பயமாக இருக்கிறது. பிழை வண்ணம் அடித்தவனுடையது மட்டும்தானா?

போன வாரம் கடையை மூடிவிட்டாள். ஆவிப் பானையைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். வீட்டிலும் மடிப்பு செய்வதில்லை. உன் அம்மா சொல்லிக் கொடுத்த சோறும் பருப்பும்தான் மூன்று வேளையும். பரிமாறும்போது, "சாப்பிடுங்க மாமா, இதுல கலப்படம் இல்ல" என்கிறாள். குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நேற்று நானே வாய் திறந்து, ஒரு மடிப்பு செய்து தாயேன் என்று கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்கு எதுக்கு மாமா அதெல்லாம்" என்றாள். நான் இரக்கப்பட்டுக் கேட்பதாக நினைத்துவிட்டாள். என் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் இனி அவள் நம்புவாள் என்று தோன்றவில்லை.

லீவு கிடைத்தால் வந்துவிடப்பா. வழியில் எதையும் சாப்பிடாதே, பசியோடு வா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, நான் எழுதியது எதுவும் தெரியாதவன் போல, மடிப்பு எங்கே என்று கேள். பரணிலிருந்து பானையை நான் இறக்கித் தருகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவளும்.

இப்படிக்கு,
உன் அப்பா