பெருநாளுக்கு வருகிறவன் சொல்லிக்கொண்டு வரவேண்டும்

சாய்ந்தமருது,
18.12.1996

அன்பு மகன் மசூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தாரில் நீ சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கையேந்துகிறோம். இங்கே நானும் தங்கச்சி கமீலாவும் சுகம். உம்மாவும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம், ஆனால் நீ கேட்டிருக்கிற கேள்விக்கு அது பதிலாகாது. வேளாண்மை பச்சை பிடித்துவிட்டது, மழைதான் விடாமல் பெய்கிறது, கடைத்தெருவில் வெள்ளம் நிற்பதால் நமது புடவைக்கடைக்கு யாரும் வருவதில்லை, நானும் பாதி நாள் வீட்டில்தான். உன் கூட்டாளி நளீம் கொண்டுவந்த கடிதமும் கெசட்டும் கிடைத்தன. போன தடவை நாங்கள் குரல் பதிந்து அனுப்பிய கெசட்டில் உம்மா நன்றாகக் கதைக்கத் தொடங்கி, போகப் போக மூக்கால் கதைத்து, கடைசியில் பாதியில் நிறுத்திவிட்டார், என்னோடு ஏதும் கோபமா என்று கேட்டிருக்கிறாய். உன்னோடு என்ன கோபம் மகன். அன்று அஸருக்குப் பிறகு, பின்னேரத்தில் பதிந்தோம், அது எங்கள் பிழை. காலையில் குளிசை போட்டதும் உம்மா பழைய உம்மாதான், ரொட்டி தட்டுவார், கமீலாவை ஏசுவார். பொழுது சாயச் சாயக் கண் இமை இறங்கும், சோறு சப்ப முடியாது, சொல் மூக்கால் வரும். அதோடு உன் பெயரைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அழுகை வந்தால் நாக்கும் ஓய்ந்துவிடும். அதுதான் நிறுத்திவிட்டார்.

அந்த வியாதியின் பெயர் என் வாயில் நுழையாது, மயஸ்தீனியா என்று கமீலா சொல்லுவாள். தசையில் பழுதில்லையாம், நரம்பு சொல்லுவது தசைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லையாம். கண்டியில் பார்த்த பெரிய டொக்டர் குளிசையும் தந்து, காய்ச்சல் வராமல் பாருங்கள், கவலை, கோபம், பயம் இல்லாமல் பாருங்கள், அளவு மீறிய சந்தோஷம்கூட ஆளை வாட்டும் என்றார். நல்ல மனிசன், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் இந்தச் சண்டைக் காலத்தில் கவலையும் பயமும் இல்லாமல் ஒருவரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர் எழுதித் தரவில்லை. ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்தாலே உம்மாவின் இமை இறங்கிவிடுகிறது. நோன்பு வேறு நெருங்குகிறது, குளிசை நேரத்துக்குப் போடவேண்டும், நோன்பு பிடிக்கக்கூடாது. மௌலவி வீடு தேடி வந்து, உம்மாவை அக்கா முறை வைத்து, மார்க்கத்தில் இதற்கு இடமிருக்கிறது தாத்தா என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மா ஓம் என்று தலையாட்டிவிட்டு அறைக்குள் போய் அழுதார், அன்று ராச்சோறு இறங்கவில்லை.

இதனால்தான் நானும் கமீலாவும் வாசலில் ஆமிச் சென்றி போலக் காவல் நின்று, கெட்ட செய்தி ஒன்றையும் உள்ளே விடாமல் வைத்திருந்தோம். வருகிறவர்களிடம் படலையிலேயே சொல்லிவிடுவோம், மௌத்துக் கதை வேண்டாம், சண்டைக் கதை வேண்டாம் என்று. வரிப்பத்தான்சேனை உதுமான்கண்டு மாமா படுக்கையில் கிடந்ததையும் அப்படித்தான் மறைத்தோம். உம்மாவுக்கு அவர் ஒரே காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், தூக்கி வளர்த்தவர், தெரிந்தால் தாங்கமாட்டார் என்று நினைத்தோம். மாமா மௌத்தாகிவிட்டதை நளீம் போனில் உனக்குச் சொல்லியிருப்பான், ஆனால் உம்மாவுக்கு அது தெரியவந்த விதத்தைச் சொல்லியிருக்கமாட்டான். அன்று காலையில் செய்தி வந்ததும், அடக்கம் முடியட்டும், ஆறுதலாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். சுற்றுவட்டாரத்தில் எல்லார் வாயையும் கட்டினோம். கமீலா றேடியோவைச் சத்தமாகப் போட்டாள். பள்ளிவாசல் ஸ்பீக்கரை நினைக்கவே இல்லை மகன். வெளியூரில் நம்மவர் மௌத்தானால் நமது பள்ளியிலும் சொல்லுவார்கள் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த விசயம், அன்றைக்கு மட்டும் புத்தியில் படவில்லை. மோதினார் சலாம் சொல்லி, ஊரைச் சொல்லி, மாமாவின் பெயரைச் சொல்லி, நமது ஊர் புடவைக்கடை மீராலெவ்வையின் மச்சானுமாவார் என்று முடித்தார். ஒரு தடவை சொன்னால் போதாதென்று திரும்பவும் சொன்னார்.

உம்மா குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார், என் முகமே சொல்லிவிட்டது. அழத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் இமை இறங்கிற்று, தலை நிமிர்ந்து நிற்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, பிறகு மூச்சே இழுக்க முடியவில்லை. கமீலா தாடையைத் தாங்கிப் பிடிக்க, திரீவீலரில் கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள், ஒட்சிசன் வைத்தார்கள், அல்லாஹ் திருப்பித் தந்தான். மாமாவின் ஜனாஸாவை உம்மாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதைக்க முடிந்த முதல் காலையில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “காக்காக்குச் சுகமில்லெண்டு அப்பயே செல்லியிருந்தா நான் கொஞ்சம் கொஞ்சமா அழுதிரிப்பேனே, ஒரேயடியா அழ வெச்சிட்டீங்களே” என்றார். இப்போது வீட்டில் யார் தாழக் கதைத்தாலும் எதையோ மறைக்கிறோம் என்று நினைக்கிறார். உன் கடிதம் பிந்தினால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சொன்னாலும் வருத்தம், சொல்லாவிட்டால் அதைவிட வருத்தம். நான் என்னதான் செய்வது என்று எனக்கு விளங்கவில்லை மகன்.

இந்த நிலையில்தான் உன் கடிதத்தின் கடைசியில், நோன்புப் பெருநாளுக்கு லீவு கிடைத்துவிட்டது, உம்மாவுக்குச் சொல்லவேண்டாம், திடீரென்று வந்து வாசலில் நிற்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் சுபஹுக்கு முன்னமே வான் வண்டி பிடித்து வந்து இறங்குவார்கள், வீடே கத்திச் சிரிக்கும். நமது வீடு அதைத் தாங்காது. வராதே என்று எழுத இந்த வாப்பாவுக்கு மனமில்லை, உன்னைக் கண்டு மூன்று வருசமாகிறது. திடீரென்று வா என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. உன் சொல்லை மீறிவிட்டேன், உம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரேயடியாக இல்லை. முதலில் லீவு கேட்டிருக்கிறான் என்றேன். மறுநாள் கிடைக்கும் போலிருக்கிறது என்றேன். அதற்கே இமை இறங்கிற்று, படுத்திருந்தார், பிறகு தெளிந்தது. நேற்றுத்தான் பெருநாளுக்கு என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, “இண்டைக்கு இவ்வளவு போதும், மிச்சத்த நாளைக்குச் செல்லுங்க” என்றார். இது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. டொக்டரிடம் கேட்டாலும் அவரும் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

ஆகவே கொழும்பில் இறங்கினால் அன்றைக்கே ஓடி வராதே, தங்கி ஆறுதலாக வா. வந்து சேருவது காலையில், உம்மா குளிசை போட்டுக் கொஞ்சம் சென்ற பிறகாக இருக்கட்டும். கட்டிப்பிடித்து அழாதே, நீ அழுதால் அவர் அழுவார். கெசட் பதிந்தால் மாமாவின் கதை வேண்டாம், சாப்பாட்டுக் கதை சொல். வேலை செய்யும் இடத்தில் வெயிலில் நிற்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து எங்கள் கண்ணில் காட்டுவானாக.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உம்மாவுக்கு இப்போது சிரிக்க வராது. சிரிக்கப் போனால் கன்னம் எழும்பாமல் மேலுதடு மட்டும் இழுபட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏசப் போகிறவர் போல முகம் மாறிவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து ஓடிவிட்டது. நீ படலையைத் திறந்ததும் அந்த முகத்தைத்தான் காண்பாய். பயந்து நின்றுவிடாதே மகன், அவர் சிரிக்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்பு வாப்பா,
மீ. மீராலெவ்வை